காய்க்காத பழைய மரம்: அறிகுறி பார்த்துக் கவாத்து செய்யும் முறை

முருங்கையை வெட்டிப் பழகிய கை மாமரத்தில் ஏறும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. முருங்கையை இடுப்பளவுக்கு வெட்டினாலும் ஆறே மாதத்தில் துளிர்த்துக் காய்த்துவிடும். அதே வெட்டை இருபது வயது மாமரத்துக்கோ சப்போட்டாவுக்கோ கொடுத்தால் இரண்டு மூன்று ஆண்டு காய் இல்லை, சில நேரம் மரமே இல்லை. கொல்லையில் பல ஆண்டு கத்தி படாமல் நிற்கும் மரத்துக்கு என்ன குறை என்று தெரிந்துகொண்டு அதற்குரிய வெட்டை மட்டும் கொடுக்க வேண்டும். அதனால் இங்கே மரத்தின் பெயரை விட அறிகுறிக்குத்தான் முதலிடம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும், அந்த மரம் எந்த இடத்தில் காய்க்கும் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். மாவும் சப்போட்டாவும் கிளை நுனியில் பூக்கும். மாவில் அந்த நுனித் தளிர் நான்கைந்து மாதமாவது முற்றியிருக்க வேண்டும். கொய்யா புதிதாக வரும் தளிரிலேயே பூத்துவிடும். பலா அடிமரத்திலும் பெரிய வாதுகளிலும் காய்க்கும். கொய்யாவுக்கு நல்லது செய்யும் நுனி வெட்டு, தவறான மாதத்தில் மாவுக்கு விழுந்தால் ஓராண்டு மகசூலைக் கொண்டுபோய்விடுவது இதனால்தான்.

மரம் செழிப்பாக இருக்கிறது, உயரமாகப் போய்விட்டது, காய் உச்சியில் மட்டும்

இது நோயில்லை, இருட்டு. மரத்தடியில் நடுப்பகலில் நின்று அண்ணாந்து பாருங்கள். வானம் துண்டு துண்டாகக்கூடத் தெரியவில்லை, உட்கிளைகள் இலையில்லாமல் மிலாறாகக் காய்ந்து தொங்குகின்றன என்றால் வெயில் உள்ளே இறங்கவில்லை என்று பொருள். வெயில் படாத கிளை பூக்காது; தனக்கு வேண்டிய உணவைக்கூடத் தானே செய்துகொள்ளாமல் மெல்லச் சாகும்.

வேலையை மூன்று ஆண்டுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் பச்சை இலைப் பரப்பில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது.

முதல் ஆண்டு காய்ந்தவை, நோய்ப்பட்டவை, ஒன்றோடொன்று உரசுபவை, மரத்தின் நடுவை நோக்கி உள்ளே வளர்பவை. காய்ந்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தால் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த கிளைகள் கால் பங்குக் கணக்கில் சேராது, முழுவதையும் எடுத்துவிடலாம். இந்த ஒரு சுற்றிலேயே பல மரங்களில் உள்ளே வெளிச்சம் வந்துவிடும்.

இரண்டாம் ஆண்டு நடுவில் நேராக மேலே போகும் ஒன்றிரண்டு பெரிய வாதுகளைக் குறைக்க வேண்டும். பாதியில் மொட்டையடிப்பது தவறு. கீழே வெளிப்பக்கமாகப் பிரியும் ஒரு பக்கக் கிளையைத் தேர்ந்து, அது பிரியும் கவட்டுக்கு மேலே வெட்டுங்கள். அந்தப் பக்கக் கிளை, வெட்டும் வாதின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அதைவிட மெலிந்ததென்றால் வேரிலிருந்து வரும் வேகத்தைத் தாங்காமல் வெட்டிய இடத்தைச் சுற்றிக் கற்றை கற்றையாகப் போத்து, அதாவது நேரே மேலே போகும் இளங்குச்சி, கிளம்பும்.

மூன்றாம் ஆண்டு மீதி உயரம். ஏணி வைத்துத் துரட்டியால் பறிக்க முடிகிற 4 அல்லது 5 மீட்டர் உயரம் வீட்டுத் தோட்டத்துக்குப் போதும்.

மாதம் முக்கியம். தமிழ்நாட்டில் மாவுக்குக் காய் பறித்த கையோடு ஆடி, ஆவணியில் கவாத்தை முடித்துவிடுங்கள். அப்போது வரும் தளிர் மார்கழி, தைக்குள் முற்றிப் பூக்கும் நிலைக்கு வரும். ஐப்பசியில் வெட்டினால் புதுத்தளிர் பூக்கும் காலத்திலும் இளசாகவே நிற்கும். வடகிழக்குப் பருவமழை வேறு பச்சை வெட்டுவாயில் பூசணத்தை இறக்கிவிடும். கடலோர மாவட்டங்களில் இன்னொரு கணக்கும் உண்டு. தலை கனத்து, அடி மெலிந்து நிற்கும் மரம் புயலில் முதலில் சாயும். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் காவிரிப்படுகையிலும் புதுக்கோட்டைப் பக்கமும் தென்னையோடு மாவும் பலாவும் வேரோடு விழுந்தன. ஆவணிக்குள் கவாத்தை முடித்திருந்தால் காற்று கிளைகளுக்கு ஊடே போக வழி கிடைக்கும்.

ரகத்தையும் பாருங்கள். நீலம் ஆண்டுதோறும் காய்க்கக் கூடியது. இமாம் பசந்த் இயல்பிலேயே குறைவாகக் காய்க்கும் ரகம். எவ்வளவு நன்றாகக் கவாத்து செய்தாலும் நீலம் போலக் குலை குலையாகத் தராது. அதை எதிர்பார்த்து மேலும் மேலும் வெட்டுவது மரத்துக்குச் செய்யும் கொடுமை.

போன ஆண்டு வெட்டினோம். இப்போது குச்சி குச்சியாக நேரே மேலே போகிறது, பூவே இல்லை

இவை நீர்ப்போத்துகள். ஒரே நாளில் நிறைய வெட்டியதற்கு மரம் தரும் பதில். வேர் முழு மரத்துக்கும் வேண்டிய அளவு நீரையும் சத்தையும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது, வாங்கிக்கொள்ள இலை இல்லை. பட்டைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழிக்கின்றன. கவாத்து முடித்த சூட்டோடு யூரியா போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

எரிச்சலில் எல்லாவற்றையும் வழித்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த ஆண்டு இதே கதை இரண்டு மடங்காக வரும். போத்து ஒரு அடி நீளத்தில் இளசாக இருக்கும்போதே கையால் பக்கவாட்டில் இழுத்துப் பிய்த்துவிடுங்கள். இளம்போத்தைப் பிய்த்தால் அதன் அடியிலுள்ள மொட்டுகளும் சேர்ந்து வந்துவிடும். கத்தரித்தால் அடிக்கட்டையிலிருந்து நான்கு கிளம்பும். ஒவ்வொரு வெட்டுவாய்க்கும் வெளிப்பக்கம் பார்க்கும் மூன்று நான்கு போத்துகளை மட்டும், ஒன்றுக்கொன்று இடம் விட்டு நிறுத்துங்கள். ஆறு மாதம் கழித்து அவற்றிலும் வலுவான இரண்டு போதும்.

மிச்சம் விட்டவை விறைப்பாக நிமிர்ந்து நின்றால் வளைத்துக் கட்டலாம். கொய்யாவில் இது மிக நன்றாக வேலை செய்கிறது. விரல் பருமனுள்ள நிமிர்ந்த கிளையைச் சணல் கயிற்றால் மெல்ல வளைத்துத் தரையில் முளை அடித்துக் கட்டினால், கிளை நெடுகத் தூங்கும் மொட்டுகள் பக்கத் தளிராகி அவற்றில் பூ வரும். கம்பியால் கட்டாதீர்கள், பட்டையை அறுத்துவிடும்.

வெட்டிய இடம் ஆறவில்லை. கறுத்து, பொந்து விழுகிறது

அறிகுறிகளிலேயே இதற்குத்தான் நிறைய இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. பழைய மரங்கள் சாவதற்குப் பெரும் காரணம் வெட்டுவாய்தான்.

கிளை தாய்மரத்தோடு சேரும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். மோதிரம் போட்டதுபோல் சற்றே புடைத்த வளையம் ஒன்று தெரியும். புதுப்பட்டை அந்த வளையத்திலிருந்துதான் சுருண்டு வந்து காயத்தை மூடும். அடிமரத்தோடு அடிமரமாக வழுவழுவென்று வழித்து வெட்டினால் வளையமே போய்விடும். காயமும் இரண்டு மடங்கு பெரிதாகும். மாறாக ஒரு சாண் முளையை விட்டு வெட்டினால் அந்த முளைக்கு உணவு தர இலை இல்லாமல் காயும், காய்ந்த முளை வழியாகப் பூசணமும் கறையானும் உள்ளே இறங்கும். சரியான வெட்டு வளையத்தை ஒட்டி, வளையத்துக்கு வெளியே.

மணிக்கட்டுக்கு மேல் பருமனுள்ள கிளையை ஒரே வெட்டில் இறக்கக் கூடாது. பாதி அறுக்கும்போதே பாரத்தில் முறிந்து, அடிமரப் பட்டையை முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழும். மூன்று வெட்டாக இறக்க வேண்டும்:

1. அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிப் பருமனில் மூன்றில் ஒரு பங்கு வரை ரம்பத்தால் அறுக்கவும்.
2. அதிலிருந்து இரண்டு விரல் வெளியே தள்ளி மேற்பக்கத்திலிருந்து அறுக்கவும். கிளை முறிந்தாலும் பட்டை உரிவது முதல் அறுப்பில் நின்றுவிடும்.
3. பாரம் இல்லாமல் நிற்கும் முளையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, வளையத்துக்கு வெளியே சுத்தமாக அறுத்தெடுக்கவும்.

அரிவாளை இந்த வேலைக்குக் கொண்டுவராதீர்கள். அரிவாள் வெட்டில் மரம் பிளக்கும், பட்டை நசுங்கும், தண்ணீர் தேங்கும். வளைந்த கவாத்து ரம்பம் ஒன்றும், விரல் பருமன் கிளைகளுக்குக் கத்தரி ஒன்றும் இருந்தால் போதும். நோய்ப்பட்ட மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும் முன் அலகை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

வெட்டுவாய்க்கு அன்றே பூசணத்தைத் தடுக்கும் போர்டோ பசை பூசுங்கள். நம் மழைக்கும், மரத்தைக் குடையும் தண்டுத் துளைப்பான் புழுவுக்கும் இது அவசியம். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். வேறொரு வாளியில் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரில் நீற்றிக் கரைத்து ஆறவிடுங்கள். இரண்டையும் மூன்றாவது பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து ஊற்றி மரக்குச்சியால் கலக்குங்கள். இரும்புப் பாத்திரம் கூடவே கூடாது. கலவையில் ஒரு இரும்பு ஆணியை ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். ஆணியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, பட்டையைச் சுட்டுவிடும். நிறம் படியாத வரை சுண்ணாம்புக் கரைசலைச் சேர்க்கவும். அன்று கலந்ததை அன்றே பூசி முடித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் வீரியம் போய்விடும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பொந்து விழுந்திருந்தால் உளுத்ததை மட்டும் கையால் கிளறி எடுங்கள். நல்ல மரம் தட்டுப்படட்டும் என்று உளியால் தோண்டிக்கொண்டே போக வேண்டாம். மரம் தானே கட்டிவைத்திருக்கும் தடுப்பை உடைத்து அழுகலை உள்ளே விடுவது அதுதான். சிமெண்ட் அடைப்பதும் பழைய தவறு. காற்றில் மரம் அசையும், சிமெண்ட் அசையாது. இடையில் விரிசல் விட்டு, நீர் தேங்கி, வெளியே தெரியாமல் அழுகும். பொந்துக்கு மேலே பெரிய பாரக் கிளை வீட்டுப் பக்கமோ தெருப் பக்கமோ சாய்ந்திருந்தால், அந்தக் கிளையின் நீளத்தைக் குறைப்பதே முதல் வேலை.

கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வருகிறது

நுனிக்கருகல். மாவில் மழைக்காலத்திலும் அதற்குப் பின்னும் அதிகம் தெரியும். இலை பழுப்பாகி உதிராமல் தொங்கும், பட்டை கறுக்கும், சில நேரம் பிசின் வடியும். காய்ந்த பகுதியை மட்டும் ஒடித்தால் நோய் நிற்காது. பூசணம் பச்சைப் பகுதிக்குள்ளும் இறங்கியிருக்கும். காய்ந்த எல்லைக்கு நான்கு விரல் கீழே, பச்சையில் வெட்டி வெட்டுமுகத்தைப் பாருங்கள். பழுப்புக் கோடோ கறையோ தெரிந்தால் இன்னும் கீழே இறங்கி வெட்டவும். வெட்டுமுகம் முழுக்க ஒரே வெளிர் நிறமாக வந்த இடத்தில் நிறுத்திப் பசை பூசவும். பிறகு காப்பர் ஆக்ஸிகுளோரைடு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் கலந்து தெளிக்கலாம். வெட்டியவற்றை மரத்தடியில் மூடாக்காகப் போட வேண்டாம், எரித்துவிடுங்கள்.

எலுமிச்சை, சாத்துக்குடியில் நுனி காய்வதோடு அடிமரத்தில் பிசினும் வடிந்தால் கோளாறு வேர்ப்பக்கம். ரம்பத்தை வைத்துவிட்டு, தூரில் குவித்த மண்ணையும் ஒட்டிப்போட்ட சிமெண்டையும் விலக்குங்கள். தண்ணீர் அடிமரத்தைத் தொடாதபடி உள்வட்டம் ஒன்று, வெளிவட்டம் ஒன்று என இரட்டைப் பாத்தி கட்டுங்கள். பிசின் வடியும் பட்டையைச் சுரண்டிவிட்டுப் போர்டோ பசை பூசுங்கள்.

அடிமரத்தில் ஓட்டை, தூரில் மரத்தூள்

தண்டுத் துளைப்பான். மாவில் ஒரு பெரிய கிளை திடீரென வாடினாலும் முதலில் இதைத்தான் தேட வேண்டும். வண்டு பட்டை இடுக்கில் முட்டையிடும். புழு மரத்துக்குள் குடைந்துகொண்டே போகும்.

ஓட்டையைச் சுற்றியுள்ள பட்டையைச் சுத்தம் செய்து, நுனியைக் கொக்கியாக வளைத்த சைக்கிள் கம்பியை உள்ளே விட்டுப் புழுவைக் குத்தி இழுக்கவும். பெட்ரோல் நனைத்த பஞ்சை உள்ளே திணித்து ஈரக் களிமண்ணால் மூடவும். நான்கைந்து நாளில் அருகே புதுத் தூள் தெரிந்தால் வேறு வாசல் இருக்கிறது, தேடி அதையும் அடைக்க வேண்டும்.

இதைக் கவாத்துக் குறிப்பில் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. கடுமையாக வெட்டப்பட்ட மாமரம் துளைப்பானுக்கு மிகப் பிடித்த இடம். ஏற்கெனவே ஓட்டை உள்ள மரத்தை வெட்டினால், துளிர்க்க வேண்டிய தெம்பு இல்லாமல் அப்படியே பட்டுப்போகும். முதலில் புழுவை எடுங்கள், ஓராண்டு மரம் தேறட்டும், பிறகு ரம்பம்.

ஒரு பக்கம் மட்டும் இலை வேறு மாதிரி

இலை வேறுபடும் கொத்து மரத்தின் மேல்பகுதியில் இருந்தால் புல்லுருவி. பறவை எச்சத்தில் விழும் ஒட்டும் விதை கிளையில் முளைத்து, வேரை மரத்துக்குள் இறக்கிவிடும். புல்லுருவியை மட்டும் ஒடித்தால் மீண்டும் துளிர்க்கும். அது ஒட்டிய இடத்துக்கு ஒரு அடி கீழே, கிளையோடு சேர்த்து எடுக்க வேண்டும், அதுவும் பழம் பழுக்கும் முன். வெட்ட முடியாத பெரிய வாதில் இருந்தால் ஒட்டிய இடத்தோடு செதுக்கி எடுத்துப் பசை பூசி, ஆண்டுதோறும் மறுதளிரைப் பிடுங்குங்கள்.

தூரிலிருந்து வந்தால் கதை வேறு: அது வேர்ச்செடியின், அதாவது ஒட்டுக்கு அடியாக வைத்த செடியின், போத்து. பெரும்பாலும் சப்போட்டாவைப் பாலை மரத்தின் மேல்தான் ஒட்டுக் கட்டுகிறார்கள். சிறிய, தடித்த, நுனி உள்வாங்கிய இலை தெரிந்தால் அது பாலை. எலுமிச்சை வகையில் பெரிய முள்ளோடு கிளம்பும். ‘ஒட்டுமாதான் வைத்தோம், இப்போது புளிப்பு மாங்காய் காய்க்கிறது’ என்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் நடந்தது இதுதான்: வேர்ச்செடி மேலே வந்து ஒட்டை அமுக்கிவிட்டது. ஒட்டுக் கட்டிய புடைப்புக்குக் கீழே கிளம்பும் எதையும் இளசிலேயே பிய்த்துவிட வேண்டும். ஒட்டுப் பகுதி முழுதும் செத்திருந்தால் ஒரு நல்ல போத்தை நிறுத்தி, பென்சில் பருமன் வந்ததும் நாற்றங்காலில் ஒட்டுக் கட்டுபவரை அழைத்து வேண்டிய ரகத்தைக் கட்டிக்கொள்ளலாம். வேர் பழையது என்பதால் வேகமாக வரும்.

கொய்யா: கிளை நெடுநெடு, காய் சிறுத்துவிட்டது

தைரியமாக வெட்டக்கூடிய மரம் இது. போன பருவத்துக் கிளைகளின் நுனியில் 10 முதல் 15 செ.மீ. வரை பிப்ரவரி-மார்ச்சிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் வெட்டினால் பக்கத் தளிரும் அதில் பூவும் வரும். ரொம்பக் கிழடாகி, ஆனால் நோயில்லாமல் நின்றால் கிளைகளைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் வெட்டிவிட்டுப் புதுத் தளிரிலிருந்து மரத்தை மறுபடி வளர்க்கலாம். இலை மஞ்சளித்து வாடும் மரத்தில் இதைச் செய்யாதீர்கள். வாடல் நோய் என்றால் வெட்டு அதைக் காப்பாற்றாது.

வெயில் பட்ட கிளையில் பட்டை வெடிக்கிறது

பல ஆண்டு நிழலில் இருந்த பட்டை திடீரென மேற்கு வெயிலில் நிற்கிறது. கவாத்து முடித்த அன்றே, புதிதாக வெயில் படும் பெரிய கிளைகளின் மேற்பக்கத்துக்குச் சுண்ணாம்பைப் பெயிண்ட் பதத்தில் கரைத்து அடித்துவிட்டால் போதும்.

பலா: அடிமரத்தைச் சுத்தம் செய்தோம், காய் நின்றுவிட்டது

அடிமரத்தில் அசிங்கமாகத் தெரிந்த அந்தக் குட்டைச் சிம்புகள்தான் காய்க்கும் இடம். பறித்த பழத்தின் காய்ந்த காம்பை மட்டும் நறுக்குங்கள்; பச்சையாக நிற்கும் குட்டைச் சிம்பைத் தொடாதீர்கள். தொட்டாயிற்று என்றால் புதுச் சிம்பு வரும்வரை காத்திருப்பதுதான் வழி. மேலே கிளைகளைச் சற்றுக் கலைத்து, அடிமரத்தில் வெளிச்சம் படச் செய்வது உதவும்.

வெட்டி இரண்டு மாதம் ஆகிறது, துளிர் இல்லை

பட்டையைச் சுரண்டுங்கள். பச்சை இருந்தால் பொறுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை தண்ணீர் போதும், தினமும் ஊற்றினால் இலையில்லாத மரத்தின் வேர் அழுகும். உரமும் இப்போது வேண்டாம். தளிர் வந்து இலை முற்றிய பிறகு, மக்கிய தொழுஉரம் பெரிய மரத்துக்கு 50 கிலோ வரை, அடிமரத்திலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளிக் கிளை விரிந்த எல்லை வரை வட்டமாகப் போட்டு மண்ணோடு கலக்கவும். சுரண்டிய இடம் பழுப்பாக இருந்தால் பச்சை தெரியும் இடம் வரை கீழே இறங்கிப் பார்த்து, அங்கே வெட்டிப் பசை பூசவும். தூர் வரை பழுப்பு என்றால் அந்த இடத்தில் வேறு கன்று வைக்கலாம்.

மரத்தில் ஏறுமுன் மூன்று விஷயம். மின்கம்பி கிளைக்குள் ஓடினாலோ கிளை விழும் தூரத்தில் இருந்தாலோ மின்வாரிய ஆட்கள் மின்சாரத்தை நிறுத்தாமல் ரம்பத்தை எடுக்கக் கூடாது. ஈரக் கிளையில் மின்சாரம் பாயும். மாவின் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். முசுறு எறும்பு கூடு கட்டிய கிளையை முடிந்தால் கடைசிக்கு விட்டுவைக்கலாம். கடித்தாலும் அவை பூச்சிகளைப் பிடித்துத் தின்று மரத்தைக் காப்பவை.